ஒரு மாதத்தில் நாவல்: இறங்கலாமா, வேண்டாமா? முதலில் ஒரு வாரக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

முதல் தடவை பதினோராம் நாள் நின்றுபோனேன். ஒரு நவம்பர் மாதம், 50,000 சொல் என்று இலக்கு வைத்து, யாரிடமும் மூச்சு விடாமல் தொடங்கினேன். தீபாவளிப் பலகாரம், மழையில் ஒழுகிய சமையலறை, நாத்தனார் வீட்டுக் கல்யாணம் எல்லாம் வரிசையாக வந்து முடிந்தபோது கையில் 6,200 சொல் இருந்தது. அடுத்த வருடம் வேறு மாதத்தில், வேறு கணக்கோடு இறங்கி 29,300 சொல்லில் ஒரு கதையை முடித்தேன். நடுவில் எனக்குத் திறமை ஒன்றும் கூடிவிடவில்லை. நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள் நான்; முதல் தடவையே கணக்குப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தொடங்க நினைக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் இதைப் படித்தால் உபயோகப்படும். முந்தின நாள் ராத்திரி படித்தால் வயிற்றைக் கலக்கும்.

1. 50,000 என்ற எண்ணை முதலில் இறக்கி வையுங்கள்

இந்த எண் அமெரிக்காவில் 1999-ல் 21 பேர் சேர்ந்து தொடங்கிய நானோரைமோ என்ற முயற்சியிலிருந்து வந்தது. ஒரு மாதம், 50,000 சொல், ஒரு நாளைக்கு 1,667. அதை நடத்திவந்த அமைப்பு 2025-ல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. ஆகவே அங்கே பெயர் பதிய வேண்டுமா, சான்றிதழ் வருமா என்றெல்லாம் தேடி அலையாதீர்கள். உங்களைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஏனென்றால் அது இங்கிலீஷுக்கான எண். ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். அதையே இங்கிலீஷில் சொல்ல ஐந்தாறு சொல்லாவது வேண்டும். கணினி இடைவெளியை வைத்துத்தான் எண்ணும். அதனால் நீங்கள் எட்டு வரி எழுதி நிமிர்ந்து பார்த்தால் 45 என்று காட்டும். மனசு விட்டுப்போகும்.

நானே ஒரு நாவலை எடுத்து, வசனம் குறைவான ஒரு பக்கத்தை விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். 200 சொல்லுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அந்தக் கணக்கில் 30,000 சொல் என்றால் 150 பக்கப் புத்தகம். முதல் நாவலுக்கு இது தாராளம். 30,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்தது. எண்ணிக்கை ஏறவில்லையே என்று ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதை ‘வந்து கொண்டு இருந்தான்’ என்று பிரித்துப் பிரித்து எழுத ஆரம்பித்தேன். எண் ஏறியது. பிறகு அதையெல்லாம் சேர்க்க மூன்று ராத்திரி போயிற்று.

2. ஏழு நாள் ஒத்திகை பாருங்கள்

முடிவை எடுத்துக் கொடுப்பது இந்தப் படிதான். மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

நாவலைத் தொடாதீர்கள். சின்ன வயதில் பார்த்த ஒரு வீடு, பேருந்தில் கேட்ட சண்டை, எதையாவது எழுதுங்கள். தினமும் 45 நிமிடம், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. எழுதியதைத் திருப்பிப் படிக்கக்கூடாது. முடிந்ததும் எண்ணிக்கையை ஒரு தாளில் குறியுங்கள். எழுத முடியாத நாளுக்கு சைபர் போடுங்கள். அந்த சைபரை மறைக்காமல் போடுவது முக்கியம்.

என் தாளில் இருந்தது: 520, 610, 0, 480, 350, 0, 700. மொத்தம் 2,660.

இதை ஏழால் வகுத்தால் 380 வரும். அதை விடுங்கள், அதனால் உபயோகமில்லை. எழுதிய நாள் ஐந்து; அந்த ஐந்தில் சராசரி 532. அதாவது 45 நிமிடத்துக்கு 532, நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 சொல். இது என் வேகம். ஏழில் இரண்டு நாள் சைபர் என்பது என் வாழ்க்கை. இதே வாழ்க்கைதான் அடுத்த மாதமும் இருக்கும். அப்படியானால் 30 நாளில் எனக்கு உண்மையில் கிடைப்பது 21 நாள்தான்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 30,000 சொல்லை 21 நாளில் எழுத, நாளுக்கு 1,430 வேண்டும். என் வேகத்தில் இரண்டு மணி நேரம். 50,000 என்றால் நாளுக்கு 2,380. மூன்று மணி இருபது நிமிடம். வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இரண்டு மணி நேரம் எப்படியோ கிடைக்கும். மூன்றேகால் மணி நேரம் கிடைக்கவே கிடைக்காது. இந்த ஒரு கணக்கை முதல் வருடம் போட்டிருந்தால் அந்த 11 நாள் எரிச்சலே இருந்திருக்காது.

உங்கள் கணக்கில் இரண்டரை மணிக்கு மேல் வந்தால் எண்ணைக் குறையுங்கள், இல்லை இரண்டு மாதமாக ஆக்குங்கள். ஏழில் நாலு சைபர் விழுந்திருந்தால் இந்த மாதம் வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. மாதத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

நானோரைமோக்காரர்கள் முதலில் ஜூலையில்தான் நடத்தினார்கள். அடுத்த வருடம் நவம்பருக்கு மாற்றினார்கள், மோசமான பருவநிலையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து எழுதலாம் என்று. அது அவர்கள் ஊர் நவம்பர். நம் ஊர் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, பல வருடங்களில் தீபாவளி, ஐப்பசி முகூர்த்தம், கார்த்திகை தீபம், வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தால் அந்தச் சமையல் தனி.

நான் தேர்ந்தெடுத்தது மார்கழி. கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, சொந்தக்காரர்கள் பத்திரிகையோடு வரமாட்டார்கள். விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி எப்படியும் எழுப்பிவிடும், எழுந்த பிறகு உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். நான் காலை ஐந்து முதல் ஆறு, ராத்திரி ஒன்பதரை முதல் பத்தரை என்று பிரித்துக்கொண்டேன்.

மார்கழியிலும் ஒரு கண்ணி உண்டு. கடைசி வாரம் பொங்கலுக்கு வீடு ஒழிக்கவும் வெள்ளையடிக்கவும் போய்விடும். அந்த ஏழு நாளில் நாலை இப்போதே சைபர் என்று எழுதிவிடுங்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற வீட்டுக்கு மார்கழி சரிவராது. ஆடி பார்க்கலாம், அதிலும் முகூர்த்தம் இல்லை. ஆனால் கூழ் ஊற்றும் கோயிலுக்குப் பக்கத்து வீடு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கு மே. கணக்கு, வரி சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவர்கள் மார்ச் மாதத்தை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

தேதி முடிவானதும் மாதக் காலண்டரை எடுத்து, போயே ஆகவேண்டிய விசேஷங்கள், பிள்ளைகளின் தேர்வு நாட்கள், உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வழக்கமாக வரும் நாள் எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிடுங்கள். சிவப்பு பத்தைத் தாண்டினால் அடுத்த மாதத்தைப் புரட்டுங்கள்.

4. யாருக்கு இப்போது வேண்டாம்

இதுவரை ஒரு சிறுகதையைக்கூட முடிக்காதவர்கள் முதலில் மூன்று சிறுகதை எழுதி முடியுங்கள். தொடங்குவது எல்லாருக்கும் வரும். முடித்துப் பழகவில்லை என்றால் இருபதாம் நாள் கதை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முச்சந்தியில் நிற்கும்.

தகவல் திரட்ட வேண்டிய கதை, உதாரணமாகத் தாத்தா காலத்துத் துறைமுகம், ஒரு வழக்கின் நீதிமன்ற நடைமுறை, இதெல்லாம் மாதக் கணக்குக்கு அடங்காது. திரட்டி முடித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு வரியையும் செதுக்கிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகமுடியும் என்கிறவர்களுக்கும் இது ஒத்துவராது. அது குறை இல்லை, அவர்கள் கை அப்படி.

கைக்குழந்தை, ஆஸ்பத்திரியில் ஆள், வீடு கட்டுமானம். இந்த மூன்றில் ஒன்று நடந்துகொண்டிருந்தால் பேச்சே வேண்டாம்.

5. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

மூன்று போதும்.

ஒன்று, கதைத் தாள். ஒரே பக்கம். யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கடைசியில் கிடைக்கிறதா இல்லையா. கடைசி வரியைக் காலியாக விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். முடிவு பிறகு மாறினால் மாறட்டும்.

இரண்டு, பெயர்த் தாள். பெயர், வயது, ஊர், யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் போடுவதில்லை. என் கதையில் ஒரு பெண் தன் மாமனாரை முதல் அத்தியாயத்தில் ‘மாமா’ என்றாள், ஐந்தாவதில் ‘அப்பா’ என்றாள், பத்தாவதில் ‘என்னங்க’ என்றே கூப்பிட்டுவிட்டாள். படித்துப் பார்த்த என் தங்கை சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

அதே தாளில் பேச்சுமொழி பற்றி ஒரு வரி முடிவெடுத்து எழுதுங்கள். வசனம் எந்த வட்டார வழக்கில்? கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழிலா, பேச்சிலா? நடுவில் மாற்றினால் எழுதியது அத்தனையையும் திருத்த வேண்டிவரும்.

மூன்று, நாள்தாள். தேதி, எழுதிய சொல், இதுவரை மொத்தம். ஒத்திகைத் தாளின் தொடர்ச்சிதான். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள் என்பது தானாக ஒரு பயத்தைக் கொடுத்தது.

6. எதில் எழுதுவது

ஒத்திகை வாரத்தில் எதில் எழுதினீர்களோ அதில்தான் எழுதவேண்டும். மாதம் தொடங்கிய பிறகு புதுத் தட்டச்சு முறை கற்றுக்கொள்வது தற்கொலை. தமிழ்99 என்ற விசைப்பலகை முறை பழகினால் வேகம் வரும், உண்மைதான், ஆனால் அதற்கு முன்கூட்டியே சில வாரம் ஒதுக்குங்கள். இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழாக மாறும் முறை கைக்குப் பழகியிருந்தால் அதிலேயே போங்கள்.

கைப்பேசியிலேயே எழுதி முடித்தவர்களும் இருக்கிறார்கள். கழுத்துதான் வலிக்கும். கூகுள் டாக்ஸில் பேசியும் எழுதலாம். வசனப் பகுதிக்கு அது நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எதுவும் விழவில்லை, ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாகக் கிடந்தது.

எதில் அடித்தாலும் யூனிகோடில் அடியுங்கள். அச்சகத்தில் பழகிய பழைய எழுத்துருக்களில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பிறகு மாற்றி வாங்கும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறிப் போயிருக்கலாம். கையால் எழுதுகிறவர்கள், பிறகு தட்டச்சு செய்யும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது மாதத்துக்குள் அடங்காது.

தினமும் முடிக்கும்போது கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முதல் வருடம் ஆறாம் நாள் மடிக்கணினி எழுந்திருக்கவே இல்லை. 2,900 சொல் அதோடு போயிற்று. திரும்ப எழுதியது முதலில் எழுதியது போல வரவில்லை. அல்லது அப்படி எனக்குத் தோன்றிற்று.

7. செலவு

என் கணக்கு: நீள நோட்டு இரண்டு 140 ரூபாய், தனி விசைப்பலகை 450, முடிந்தபின் 112 பக்கம் பிரிண்ட் 224, ஸ்பைரல் பைண்டிங் 50. மொத்தம் 864. இதில் சேராதது மூன்று ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பரோட்டா.

இதற்கு மேல் ஒரு ரூபாய் செலவு செய்ய வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் இரண்டும் இலவசம். எழுதுவதற்கு முன்பே அட்டைப்படம் போடக் கொடுக்காதீர்கள். ‘நாங்களே புத்தகமாகப் போட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று யாராவது வந்தால், வரைவுகூட இல்லாத புத்தகத்துக்கு எதற்கு முன்பணம் என்று கேளுங்கள். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. தனியாக அதற்கென்று பணம் கேட்டால் அது இடைத்தரகுக் கூலி. அமேசானின் கிண்டிலில் மின்னூலாக ஏற்றவும் கட்டணம் இல்லை. பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. பதிய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய்; ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். எப்படியும் திருத்தப் போகிற வரைவை ஏன் பதிய வேண்டும்? திருத்தி முடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

8. வீட்டில் சொல்லுங்கள்

முதல் தடவை சொல்லவில்லை. ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு என்ன செய்கிறாள் என்று எல்லாருக்கும் சந்தேகம். இரண்டாம் தடவை ஒத்திகை வாரம் முடிந்த அன்றே அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

“அத்தை, மார்கழி பூரா காலைல ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் எனக்கு எழுதற வேலை இருக்கு.”

“பரீட்சையா எழுதப் போற?”

“அது மாதிரிதான் அத்தை. ஒரு மாசம்தான்.”

“அப்பச் சரி. காலைல காபி நான் போட்டுக்கறேன்.”

நாவல் என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. பரீட்சை என்றால் நம் வீடுகளில் தொலைக்காட்சிச் சத்தம்கூடக் குறையும்.

நண்பர்கள் குழுவில் மட்டும் அறிவிக்காதீர்கள். ‘எத்தனை ஆச்சு?’ என்று தினமும் கேட்பார்கள். எழுதியதை அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பினால் கருத்து வரும். கருத்து வந்தால் திருத்தத் தோன்றும். திருத்த உட்கார்ந்தால் மாதம் போயிற்று.

9. நடுவில் தடுக்கும் இடங்கள்

சந்திப் பிழை திருத்தாதீர்கள். ஒற்று மிகுமா மிகாதா என்று அகராதியைத் திறந்தால் அன்றைய எழுத்து முடிந்தது. ஒரு ராத்திரி என் கதாபாத்திரத்தைத் திண்ணையில் உட்கார வைப்பதா, வாசல்படியில் உட்கார வைப்பதா என்று நாற்பது நிமிடம் யோசித்தேன். கடைசியில் நிற்கவைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தேகம் வரும் இடத்தில் ‘பிபா’ என்று அடித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ‘பிறகு பார்’ என்பதன் சுருக்கம். வேறு சொற்களில் இந்த எழுத்துகள் சேர்ந்து வராததால், பிறகு தேடினால் அவை மட்டும் வரும். கால்பந்து நாவல் என்றால் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிபாவும் தேடலில் வந்துவிடும், வேறு குறி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முடிந்தபோது என் கோப்பில் 83 பிபா இருந்தது.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக எழுத முயலாதீர்கள். அதற்குத்தான் சைபருக்கு முன்பே இடம் விட்டிருக்கிறோம்.

10. பத்தாம் நாள் இரவு மறுபடி முடிவெடுங்கள்

30,000 கணக்குக்குப் பத்து நாளில் 10,000 சொல் வந்திருக்க வேண்டும். ஏழாயிரத்துக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் தொடருங்கள். ஐயாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவில் என்றால் கதையில் ஒரு கிளையை வெட்டிக் குறுநாவலாக முடிக்கலாம், 15,000 போதும். ஐயாயிரத்துக்கும் கீழே என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். இழுத்துக்கொண்டு இருபதாம் நாள் வரை போனால் அதற்கப்புறம் அந்தக் கதையைப் பார்த்தாலே வெறுப்பு வரும். என் முதல் கதைக்கு அதுதான் நடந்தது. நான் 11-ல் நிறுத்தினேனே தவிர மனசுக்குள் மாதக் கடைசி வரை இழுத்துக்கொண்டிருந்தேன். அதை இன்றுவரை திறக்கவில்லை.

11. முடிந்த பிறகு

வருவது வரைவுதான். உடனே யாருக்கும் அனுப்பாதீர்கள், போட்டிக்கும் அனுப்பாதீர்கள். பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, கண்ணில் படாத இடத்தில் மூன்று மாதம் வையுங்கள். திருத்த எவ்வளவு காலம் என்று கேட்டால், எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

நான் பொங்கல் கழிந்து பரண் மேல் ஏற்றினேன். மார்ச் கணக்கெல்லாம் முடித்துச் சித்திரையில் இறக்கித் தூசி தட்டிப் படித்தபோது, மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன பெரியப்பா எட்டாம் அத்தியாயத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை முதலில் அங்கேதான் திறந்தேன்.